படத்தைப் பார்த்துச் சொல்கிறான், எழுத்தை வாசிக்க மறுக்கிறான்

வாசகர் கடிதமும் சிறுவர் கல்வி ஆலோசகரின் பதிலும்

உப்புவெளியிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். இவர் அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். மாமியும் இரண்டு பிள்ளைகளும் உடன் இருக்கிறார்கள். ஆறு வயது மகன் தரம் 1இல் படிக்கிறான். மூன்றரை வயது மகள் முன்பள்ளிக்குப் போகிறாள். பிள்ளைகளுக்கு வாசிப்புப் பழக்கம் வரவேண்டும் என்ற ஆசையில், கொழும்புக்குப் போன சமயத்தில் பெருந்தொகை கொடுத்து ஆங்கிலப் படக்கதைப் புத்தகத் தொகுதி ஒன்றையும், பிறகு திருகோணமலை நகரில் தடித்த நீதிக்கதைத் தொகுப்பு ஒன்றையும், சில சிறிய தமிழ்க் கதைப் புத்தகங்களையும் வாங்கியிருக்கிறார்.

மகன் ஆங்கிலப் புத்தகங்களைப் புரட்டிப் படம் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறான். தமிழ்ப் புத்தகத்தை வாசிக்கச் சொன்னால், "முயல் வேகமாக ஓடியது" என்ற வரியை விரலால் தொட்டுக்கொண்டே, கண்ணைப் படத்தில் வைத்து, "முயல் பாயுது" என்கிறான். "படம் இருக்கிற வரைக்கும் இவன் எழுத்தைப் பார்க்கமாட்டான்" என்று மாமி சொன்னதால், ஒரு சனிக்கிழமை இந்தத் தாய் அந்தப் புத்தகத்தின் படங்கள் எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தாள் ஒட்டிவிட்டார். அதன்பின் மகன் புத்தகத்தைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைக்கிறான். மகளோ, யானைக்குட்டி குளிக்கும் ஒரே புத்தகத்தை ஒவ்வோர் இரவும் வாசிக்கச் சொல்லி அடம்பிடிக்கிறாள். தானாகக் கதை வாசித்துக் காட்டும் டப்லெட் ஒன்றை வாங்கி அனுப்பட்டுமா என்று கணவர் கேட்கிறார்.

படங்கள் பிள்ளையை எழுத்திலிருந்து விலக்குகின்றனவா, எப்படிப்பட்ட புத்தகங்களை வாங்குவது, தமிழில் தொடங்குவதா ஆங்கிலத்திலா, ஒரே புத்தகத்தை வாசிப்பதில் காலம் வீணாகிறதா, டப்லெட் நல்லதா என்பவை அவருடைய கேள்விகள். கடிதத்தின் கடைசி வரியில் இன்னொன்றும் இருக்கிறது: "என்ட பிள்ளைக்கு ஏதும் குறைபாடு இருக்குமோ எண்டு பயமாக் கிடக்கு."

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த வெள்ளைத் தாள்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படம் கிழியாமல் அவற்றை உரிக்க முடிந்தால் உரித்துவிடுங்கள். பசை காய்ந்து இறுகியிருந்தால், அந்தத் தாள்களின் மேல் அந்தந்தப் பக்கத்துக் கதைக்குரிய படத்தை மகனையே வரையச் சொல்லுங்கள். "அம்மா மறைச்சது பிழை, நீ திரும்பக் கீறித் தா" என்று சாதாரணமாகச் சொன்னால் போதும். ஆறு வயதுப் பிள்ளைகள் இத்தகைய அழைப்பை அநேகமாக மறுப்பதில்லை. வரைவதற்காக அவன் அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களிடம் கேட்பான், அந்தக் கேள்வியே எழுத்தை நோக்கிய அவனுடைய முதலாவது அடி.

அடுத்து, "முயல் பாயுது" என்ற அவனுடைய வாசிப்பைச் சற்று உற்றுப் பாருங்கள். நீங்கள் அதைத் தோல்வியாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதில் நிறையக் கற்றலைக் காண்கிறேன். கோடுகளாகத் தெரியும் அச்சுக்குள் பொருள் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். விரல் இடமிருந்து வலமாகப் போக வேண்டும் என்பதும், ஒரு வரிக்கு ஒரு வசனம் சொல்ல வேண்டும் என்பதும், சொல்வது கதையோடு பொருந்த வேண்டும் என்பதும் தெரியும். எழுத்தையும் ஒலியையும் இணைத்துச் சொல்லாக்கும் ஒரே ஒரு திறன்தான் இன்னும் முழுமையாக வரவில்லை. அதைக் கற்பிப்பதற்குத்தான் முதலாம், இரண்டாம் தரங்கள் இருக்கின்றன. தரம் 1இல் இருக்கும் பிள்ளை கதைப் புத்தகத்தைத் தங்குதடையின்றி வாசிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எங்கள் வீடுகளில் எப்படியோ வேரூன்றிவிட்டது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை இப்போதே கண்முன் கொண்டுவந்து வைப்பதும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

படம் எழுத்துக்கு எதிரியா?

உங்கள் மாமி சொன்னதை முழுவதும் தள்ளிவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் அவர் கண்டது உண்மை. பிள்ளையின் கண் படத்துக்குத்தான் போகிறது. வாசிக்கத் தொடங்கும் பிள்ளைகளின் கண்ணசைவுகளைப் பதிவுசெய்து அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வொன்றும் இதையே ஆராய்ந்தது. கதைக்குத் தேவையற்ற அலங்காரங்களைப் படத்திலிருந்து நீக்கி, தேவையானவற்றை மட்டும் விட்டபோது, பிள்ளைகளின் கண் எழுத்தை விட்டு அலைவது குறைந்தது. கதையை அவர்கள் விளங்கிக்கொண்டதும் கூடியது. அவர்கள் படங்களை அகற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். கதையோடு சம்பந்தமில்லாத பட்டாம்பூச்சிகளையும் பூக்களையும் ஓரத்துச் சித்திரங்களையும்தான் அகற்றினார்கள்.

ஆகவே படம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதைவிட, இந்தப் படம் கதையைச் சொல்கிறதா, பக்கத்தை நிரப்புகிறதா என்று கேட்பதே பயன் தரும். முயல் ஓடும் பக்கத்தில் முயலும், அது ஓடும் பாதையும், பின்னால் துரத்துவதும் தெரிந்தால், "வேகமாக" என்ற சொல்லின் பொருளைப் படமே பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறது. இனி அந்தச் சொல்லின் எழுத்துகளோடு மட்டும் அவன் போராடினால் போதும். அதே பக்கத்தில் வானவில்லும் ஐந்து தும்பிகளும் சிரிக்கும் சூரியனும் இருந்தால், அவன் தும்பிகளை எண்ணிக்கொண்டிருப்பான். அதில் அவனுடைய குற்றம் எதுவும் இல்லை.

மகளைப் போன்ற மூன்று வயதுக்காரருக்கு இன்னொரு விடயமும் உண்டு. புத்தகத்தை விரித்தால் தெரியும் இரு பக்கங்களிலும் இரண்டு பெரிய படங்கள் இருக்கும்போது, ஒரே ஒரு படம் இருக்கும்போது கற்பதைவிடக் குறைவான புதுச்சொற்களையே அந்த வயதினர் கற்றார்கள் என்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வொன்று காட்டியது. வாசிப்பவர் தாம் வாசிக்கும் பக்கத்தின் படத்தைக் கையால் சுட்டிக் காட்டியபோது அந்தக் குறை நீங்கியது. இரண்டு படமுள்ள புத்தகங்களை வீசிவிட வேண்டியதில்லை. உங்கள் கை அந்தப் படத்தின் மேல் இருந்தால் சரி.

இரண்டு வேலைக்கு இரண்டு வகைப் புத்தகம்

உங்கள் வீட்டுச் சிக்கலின் மையம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பிள்ளைக்கு நீங்கள் வாசித்துக் காட்டும் புத்தகமும், பிள்ளை தானே வாசித்துப் பழகும் புத்தகமும் ஒன்றாக இருக்க முடியாது. நீங்களோ ஒரே புத்தகத்தை இரண்டுக்கும் பயன்படுத்தியிருக்கிறீர்கள்.

நீங்கள் வாசித்துக் காட்டுவதற்கானது வளமான கதையாக இருக்கலாம், பிள்ளை தானாகப் பேசாத சொற்கள் அதில் இருக்கலாம், வசனம் கொஞ்சம் நீளலாம். அங்கே மகனுடைய வேலை கேட்பதும் பார்ப்பதும் கேள்வி கேட்பதும் மட்டுமே. "இது என்ன எழுத்து, இதை வாசி" என்று நடுவில் நிறுத்திச் சோதிக்காதீர்கள். "ஏன் இவன் இப்பிடி முகத்தை வைச்சிருக்கிறான்?", "இனி என்ன நடக்கும் எண்டு நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். அவன் ஒரு சொல்லில் பதில் சொன்னால், நீங்கள் அதை ஒரு வசனமாக வளர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 1988இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வயதை ஒட்டிய, இன்னும் மூன்று வயது நிரம்பாத பிள்ளைகளின் பெற்றோர் இவ்விதமாக உரையாடி வாசிக்கப் பழகினார்கள். வழக்கம்போல் வாசித்த வீட்டுப் பிள்ளைகளைவிட அவர்களுடைய பிள்ளைகளின் பேச்சுமொழி ஒரே மாதத்தில் தெளிவாக முன்னேறியிருந்தது.

எழுத்துத் தமிழுக்கும் வீட்டுத் தமிழுக்கும் இடையிலுள்ள தூரமும் இவ்வேளையில்தான் குறைகிறது. பிள்ளை வீட்டில் "போறன், வாறன்" என்று பேசிவிட்டுப் புத்தகத்தில் "போகிறேன், வருகிறேன்" என்பதைச் சந்திக்கிறான். புத்தகத்தில் உள்ளபடியே முதலில் வாசியுங்கள். அவன் முகத்தில் புரியாமை தெரிந்தால் வீட்டுப் பேச்சில் ஒரு தடவை சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

தானாக வாசிப்பதற்கான புத்தகம் இதற்கு நேர்மாறு. மிகச் சிறியதாக, ஒரு பக்கத்துக்கு ஒரு வரியாக, பெரும்பாலும் அவனுக்குத் தெரிந்த எழுத்துகளால் ஆனதாக இருக்க வேண்டும். தமிழில் 247 எழுத்துகள் என்று சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்துகிறோம். உண்மையில் பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும், அவை சேரும் ஒழுங்கும் தெரிந்தால் மிகுதி தானாக வரும். ஆனால் அந்த ஒழுங்கில் பிள்ளைக்கு உண்மையாகவே கடினமான ஓரிடம் உண்டு. "கெ, கே, கை" என்பவற்றில் உயிரின் அடையாளம் எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. "கொ, கோ" என்பவற்றில் இரு பக்கமும் நிற்கிறது. இடமிருந்து வலமாகப் போகும் பிள்ளையின் கண் அங்கே தடுக்கி நிற்கும். உங்கள் மகன் தடுமாறிய அந்த வரியில் "வேகமாக" என்ற சொல் இருப்பதைக் கவனித்தீர்களா? அந்தச் சொல்லுக்குள் நுழைய முடியாமல்தான் அவன் படத்துக்குத் தாவியிருக்கக் கூடும்.

அதனால் ஆரம்பத்தில் "மாமா மீன் பிடித்தார்", "பூனை பால் குடித்தது" போன்ற வரிகள் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். முதல் வரி "பூனை"யை விடவும் எளிது என்பது உங்களுக்கு இப்போது விளங்கும். ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் திக்கினால் அந்தப் புத்தகம் அவனுக்கு இன்னும் ஆகவில்லை. அதை நீங்கள் வாசித்துக் காட்டும் புத்தகங்களோடு சேர்த்துவிடுங்கள், குறையாகச் சொல்ல வேண்டாம். இந்தச் சிறு புத்தகத்தை வாசிக்கும்போது மட்டும், படத்தைப் பார்த்து ஊகித்தால், "சரி, கதை அதுதான். இப்ப முதல் எழுத்தைப் பார்த்துச் சொல்லு" என்று மெதுவாக எழுத்துக்குக் கொண்டுவாருங்கள். மாமியின் எச்சரிக்கை பொருந்தும் இடம் இந்தப் பத்து நிமிடம்தான். அதற்கு மேல் நீடிக்கவும் வேண்டாம்.

வீட்டிலேயே செய்யும் புத்தகம்

இத்தகைய சிறு புத்தகங்கள் ஈழத்துத் தமிழ்ச் சூழலில் போதியளவு கிடைப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை. தமிழ்நாட்டுப் பதிப்புகளில் நல்லவை உண்டு. ஆனால் எங்கள் பிள்ளை கதிரையில் இருந்து யன்னலால் பார்க்கிறான், அந்தப் புத்தகத்துப் பிள்ளை நாற்காலியில் அமர்ந்து ஜன்னல் வழியே பார்க்கிறான். அது தடையல்ல, ஒரு சொல் கூடுதலாகத் தெரிவது நன்மையே. எனினும் முதல் முதலாகத் தானே வாசிக்கும் புத்தகத்தில் பிள்ளையின் சொந்த உலகம் இருப்பது பெரிய உதவி.

ஆகவே ஒன்றை நீங்களே செய்யுங்கள். சித்திரக் கொப்பியிலிருந்து நான்கு தாளை எடுத்து, நடுவில் மடித்து, ஊசிநூலால் தையுங்கள். திருகோணமலை நகர வீதிகளிலும் கோட்டைக்குள்ளும் திரியும் புள்ளிமான்களை மகன் தினமும் காண்கிறான் அல்லவா, அவற்றைப் பற்றி அவனைச் சொல்லச் சொல்லுங்கள். "மான் வந்தது. மான் நடு றோட்டில நின்டது. பஸ் நின்டது. மாமா ஹோன் அடிச்சார். மான் போகல்ல." அவன் சொல்வதை அவன் கண்முன்னே, பக்கத்துக்கு ஒரு வரியாக, பெரிய எழுத்தில் எழுதுங்கள். எழுத்தை ஒரே இடத்தில், பக்கத்தின் அடியில், வெறும் வெள்ளைப் பின்னணியில் வையுங்கள். மேலே அவன் வரையட்டும், அல்லது கைத்தொலைபேசியில் எடுத்த படத்தை அச்சிட்டு ஒட்டுங்கள். அட்டையில் அவனுடைய பெயரை ஆசிரியராக எழுதுங்கள்.

பேச்சுத் தமிழில் எழுதலாமா என்று ஆசிரியர்கள் சிலர் ஆட்சேபிப்பார்கள். எழுதலாம் என்பதே என் கருத்து. தான் சொன்னது எழுத்தாகி, அந்த எழுத்து மீண்டும் தன் குரலாகத் திரும்பி வருவதை ஒரு பிள்ளை ஒரு தடவை அனுபவிக்க வேண்டும். அடுத்த புத்தகத்தில் "நின்றது, அடித்தார்" என்று மாற்றிக்கொள்ளலாம். இந்தப் புத்தகத்தை அவன் மனப்பாடமாகச் சொல்வான்; பரவாயில்லை, பக்கங்களை மாற்றிக் கேட்டால் எழுத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டி வரும்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

புத்தகத்தின் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து, எழுத்தை உள்ளங்கையால் மூடுங்கள். படம் மட்டும் என்ன நடக்கிறது என்று சொல்கிறதா? பிறகு படத்தை மூடிவிட்டு வரியை வாய்விட்டு வாசியுங்கள். ஒரு மனிதர் உங்களுக்குக் கதை சொல்வதுபோல் அது ஒலிக்கிறதா, பாடப்புத்தகத்து வரைவிலக்கணம்போல் ஒலிக்கிறதா? இரண்டு சோதனையிலும் தேறும் புத்தகத்தை விலை பார்த்து வாங்கலாம்.

படங்களில் ஓர் ஆள் எல்லாப் பக்கத்திலும் அதே ஆளாகத் தெரிய வேண்டும். இணையத்தில் எடுத்த படங்களை ஒட்டித் தயாரித்த மலிவுப் புத்தகங்களில், முதற்பக்கத்தில் இரட்டைப் பின்னலோடு இருக்கும் சிறுமி நான்காம் பக்கத்தில் வேறு முகத்தோடு நிற்பாள். பெரியவருக்குப் பொருட்டாகத் தெரியாத இந்த மாற்றம் மூன்று வயதுப் பிள்ளையைக் கதையிலிருந்து வெளியே தள்ளிவிடும். "இது ஆர்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். இவை கோயில் திருவிழாக் கடைகளிலும் பஸ் நிலையத்துக் கடைகளிலும் பொலித்தீன் உறையில் கட்டாக விற்கப்படுகின்றன, திறந்து பார்க்க விடுவதில்லை. திறக்க முடியாத புத்தகத்தை வாங்காதீர்கள். எழுத்துப்பிழையையும் கவனியுங்கள்: லகர, ளகர, ழகரமும், ரகர, றகரமும், மூன்று நகரங்களும் பிள்ளையின் நினைவில் இப்போதுதான் படிகின்றன. படத்தின் மேலேயே நிற எழுத்தில் அச்சிட்டவற்றையும், ஒரு நீளமான சொல்லைப் பாதியில் வெட்டி அடுத்த வரியில் போட்டவற்றையும் மகனுக்காக வாங்க வேண்டாம்.

தடித்த நீதிக்கதைத் தொகுப்பைப் பற்றிக் கவலையோடு எழுதியிருக்கிறீர்கள். அது அவனுடைய வயதுக்கு உரியதல்ல, எட்டு வயதில் எடுத்துக் கொடுங்கள். கதையின் முடிவில் தடித்த எழுத்தில் வரும் நீதி வாக்கியம் பிள்ளையை நல்லவனாக்கும் என்ற நம்பிக்கையையும் சற்றுத் தளர்த்திக்கொள்ளலாம். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பகிர்ந்து கொடுப்பது பற்றிய கதையை மனிதப் பாத்திரங்களோடு கேட்ட பிள்ளைகள், பிறகு தமது பொருளைக் கூடுதலாகப் பகிர்ந்தார்கள். அதே கதையை மனிதரைப்போல் உடை உடுத்த விலங்குகளோடு கேட்டவர்களிடம் அந்த மாற்றம் காணப்படவில்லை. முயலையும் ஆமையையும் கைவிடச் சொல்லவில்லை. எங்களைப் போன்ற வீடும் எங்களைப் போன்ற அம்மம்மாவும் கடற்கரையும் வரும் கதைகளும் அலுமாரியில் இருக்கட்டும்.

இறுதியாகத் தெரிவு செய்யும்போது, உங்களுக்குச் சம்மதமான நான்கைந்தை நீங்கள் எடுத்து வையுங்கள், அதிலிருந்து ஒன்றைப் பிள்ளை எடுக்கட்டும். அவன் பஸ், கப்பல், பாம்பு என்று எடுத்தால் அதுவே சரியான புத்தகம்.

தமிழா, ஆங்கிலமா?

தமிழ். உங்கள் மகன் தமிழில் சிந்திக்கிறான், தமிழில் சண்டை பிடிக்கிறான், பாடசாலையில் தமிழ்மொழி மூலம் படிக்கிறான். எங்கள் பாடசாலைகளில் முதலிரு தரங்களிலும் ஆங்கிலம் பேச்சுச் செயற்பாடாகவே அறிமுகமாகி, தனிப்பாடமாக மூன்றாம் தரத்தில் தொடங்குவதே நெடுங்கால வழக்கம். எழுத்து ஒலியைக் குறிக்கிறது, ஒலிகள் சேர்ந்து சொல்லாகின்றன என்ற அறிவை ஒரு மொழியில் பெற்ற பிள்ளை இன்னொரு மொழிக்கு அதை எடுத்துச் செல்வான். பேச வராத மொழியில் அதைப் பெறுவது மிகக் கடினம். கொழும்பில் வாங்கிய தொகுதியை வீணாக்க வேண்டாம். அதன் படங்களைப் பார்த்து நீங்கள் மூவரும் தமிழில் கதை சொல்லுங்கள். சில ஆண்டுகளில் அவனே அதன் எழுத்துக்கு வருவான். அயலில் சிங்களம் பேசும் தோழர்கள் இருந்தால் சிங்களப் படப் புத்தகங்களையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

யானைக்குட்டிப் புத்தகம்

மகள் கேட்கும்வரை வாசியுங்கள். நான் மேலே குறிப்பிட்ட சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2011இல் வெளியான ஆய்வில், வெவ்வேறு கதைகளில் புதுச்சொற்களைக் கேட்ட மூன்று வயதுப் பிள்ளைகளைவிட, அதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட பிள்ளைகள் அந்தச் சொற்களை நன்றாகக் கற்று நினைவில் வைத்திருந்தார்கள். முதல் தடவை கதை, அடுத்த தடவை சொல், அதற்கடுத்த தடவை படத்தின் மூலையில் இருக்கும் தவளை என்று அவள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறாள். உங்களுக்குச் சலித்தால், ஒரு வரியின் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் நிறுத்திப் பாருங்கள், அவள் முடித்துவிடுவாள்.

டப்லெட்டும் கட்டாரில் இருக்கும் அப்பாவும்

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் திரைக்கு முன் இருக்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது, அதிலும் குறைவது நல்லது. உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பராமரிப்பவரோடு சேர்ந்து வாசிப்பதையும் கதை சொல்வதையும் அதே வழிகாட்டல் ஊக்குவிக்கிறது. தானாக வாசிக்கும் செயலி, பிள்ளையின் முகத்தைப் பார்த்து நிறுத்தாது, அவனுடைய கேள்விக்குப் பதிலும் சொல்லாது. எனவே டப்லெட் இப்போது அவசியமில்லை.

ஆனால் உங்கள் கணவரின் ஆசையை வெறும் "வேண்டாம்" என்று முடித்துவிடாதீர்கள், அது தூரத்திலிருக்கும் ஒரு தகப்பனின் அக்கறை. புத்தகத்தின் பக்கங்களைப் படம்பிடித்து அவருக்கு அனுப்புங்கள். கட்டார் நேரம் எங்களுடையதைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறது. பிள்ளைகள் படுக்கைக்குப் போகும் எட்டு மணி அங்கே மாலை ஐந்தரை. வேலைநாளில் முடியாவிட்டால், அங்கு விடுமுறையாக இருக்கும் வெள்ளிக்கிழமையில், வீடியோ அழைப்பில் அப்பா வாசிக்க, இங்கே நீங்கள் புத்தகத்தை விரித்துப் பக்கத்தைத் திருப்புங்கள். உங்களிடம் இருக்கும் கைத்தொலைபேசியே இதற்குப் போதும்.

செலவில்லாமல் கிடைப்பவை

இந்தியாவின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. தரவிறக்கி அச்சிடவும் அனுமதி உண்டு. கதைகள் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மகனுக்கு முதலாம் நிலை, வாசித்துக் காட்ட இரண்டாம் நிலை. கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் செலவும் குறைவு, நிறம் தீட்டும் வேலையும் பிள்ளைக்குக் கிடைக்கும். ரூம் டு ரீட் அமைப்பு இலங்கையில் தமிழிலும் சிங்களத்திலும் சிறுவர் படப் புத்தகங்களை வெளியிட்டிருக்கிறது. பாடசாலை நூலகத்தில் அவை இருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் புத்தகங்களை வெளியிடுகிறது. பொது நூலகத்தில் பிள்ளைகளைச் சேர்த்து, வாரத்துக்கு ஒரு தடவை சிறுவர் பகுதிக்குக் கூட்டிப்போனால், பெருந்தொகை கொடுத்து ஒரே தடவையில் வாங்குவதைவிட அதிக புத்தகங்களை அவர்கள் தொட்டுப் பார்ப்பார்கள்.

பாடசாலையில் புத்தகங்கள் கிழிந்துவிடும் என்ற பயத்தில் அலுமாரியில் பூட்டி வைத்திருந்தால், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அதை எழுப்புங்கள். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 17ஆம் உறுப்புரை, சிறுவர் நூல்களின் ஆக்கத்தையும் பரம்பலையும் அரசுகள் ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. நீங்கள் சலுகை கேட்கவில்லை, பிள்ளைகளுக்கு உரியதைக் கேட்கிறீர்கள். வகுப்புக்கு வாரம் ஒரு பாடவேளை, பதிவுக்கு ஒரு கொப்பி, பொறுப்புக்கு இரண்டு பெற்றோர் என்று திட்டத்தோடு போனால் அதிபர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை.

குறைபாடு பற்றிய உங்கள் பயம்

கடிதத்தில் நீங்கள் சொன்னவற்றை மட்டும் வைத்து உங்கள் மகனுக்குக் குறைபாடு என்று நான் கருதவில்லை. இந்த வயதில் எழுத்தைத் திருப்பி எழுதுவதும், ணகரத்தையும் னகரத்தையும் மாற்றுவதும், படத்தைப் பார்த்து ஊகிப்பதும் பரவலாகக் காணப்படுபவை. எனினும் கடிதம் வழியாக ஒரு பிள்ளையைப் பரிசோதிக்க முடியாது, அதனால் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள்.

ஒன்று, கண்ணும் காதும். முதலாம், நான்காம், ஏழாம், பத்தாம் தரங்களில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடத்துகிறார்கள், அதில் பார்வையும் பார்க்கப்படும். மகனுக்கு அது நடந்துவிட்டதா என்று வகுப்பாசிரியையிடம் கேளுங்கள். புத்தகத்தை முகத்துக்கு மிக அருகில் பிடிக்கிறான், தலையைச் சரித்துப் பார்க்கிறான், தலையிடி என்கிறான் என்றால் அதற்காகக் காத்திருக்காமல் வைத்தியசாலையில் கண் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். கூப்பிட்டால் அடிக்கடி திரும்பக் கேட்கிறான் என்றால் செவிப்புலனையும் பரிசோதியுங்கள்.

இரண்டாவது, ஒரு சிறு குறிப்பு. இந்தத் தவணை முடியும்வரை, அவனுக்குச் சரியாகத் தெரிந்த எழுத்துகளையும் தானாக வாசித்த சொற்களையும் ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வாருங்கள். அவனுக்குக் காட்ட வேண்டாம், ஆசிரியையோடு பேசுவதற்காக. பட்டியல் மெல்லமெல்லவாவது நீண்டால் பொறுத்திருக்கலாம். ஒழுங்காகப் பாடசாலைக்குப் போயும் ஆண்டு முடிவில் பெரும்பாலான உயிரெழுத்துகளை அடையாளம் காண முடியாமலிருந்தால், "பாட்டு, காட்டு" போன்ற ஒத்த ஓசையைக் கேட்டுணர முடியாமலிருந்தால், பேச்சு தாமதமாகவே வந்திருந்தால், அல்லது குடும்பத்தில் வாசிப்பில் கடுமையாக இடர்ப்பட்டவர் இருந்தால், இரண்டாம் தரத்துக்குப் போகும்வரை தள்ளிப்போடாமல் குழந்தை நல வைத்தியரிடம் காட்டி மேலதிக மதிப்பீட்டுக்கு அனுப்பும்படி கேளுங்கள். அப்போது அந்தக் கொப்பியையும், அவன் பெயர் போட்ட மான் புத்தகத்தையும் கொண்டுபோங்கள். பிள்ளைக்கு என்ன வரவில்லை என்பதோடு என்ன வந்திருக்கிறது என்பதையும் வைத்தியர் பார்க்க வேண்டும்.